பாசி பிடித்த மீயா, பாசி சேர்த்த மீயா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி பச்சையாகவே இருக்கின்றன. ஏன் என்று எனக்குத் தெரியும். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கடைகளில் ஒரு பச்சை மீ (நூடுல்ஸ்) பொட்டலம் வந்து தொங்க ஆரம்பித்ததிலிருந்து, பசியாறும் இடத்திலும் கோயில் வாசலிலும் அதே பேச்சு. அதனால் வழக்கமான சந்தேகங்களையெல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பாசியிலேயே வழுக்கி விழுவோம்.

கேள்வி: வணக்கம் டீச்சர். தோட்டத்து முனையில் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. போன மாதம் ஸ்பைருலினா என்ற பாசிப்பொடி போட்ட பச்சை மீ எடுத்துப் போட்டேன். பொட்டலத்தில் ஆங்கிலத்தில் ‘ஆல்ஜி-என்ரிச்ட்’ என்றும், மலாயில் ‘டிப்பெர்காயா’ என்றும் அச்சடித்திருக்கிறார்கள். தமிழில் எழுதினால் நம்மவர்கள் வாங்குவார்களே என்று ‘பாசி செறிந்த மீ’ என ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன். பாட்டி அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “பாசி பிடிச்ச மீயை எவன்டி வாங்குவான், எடுத்துக் கடாசு” என்றார். பாட்டி சொன்னதுதான் நடந்தது, மூன்று வாரமாக ஒரு பொட்டலம்கூட நகரவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது, தமிழில் அதை எப்படி எழுதுவது?

பதில்: தங்கச்சி, உங்கள் பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இலக்கண ஆசிரியர் ஒரு பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் போடுவோம். அது இரண்டு சொல் சேர்ந்த கூட்டுப் பெயரடை, நடுவில் ஒரு சிறுகோடு. முன்னால் நிற்கும் ‘ஆல்ஜி’ பன்மை, ஒருமை ‘ஆல்கா’. அது அப்படியே லத்தீன் சொல், கடலோரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கடற்பாசிக்கு ரோமானியர் வைத்த பெயர். அவர்களுக்கு அதன்மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. வெர்ஜில், ஹோரஸ் என்று அவர்களுடைய பெரும் கவிஞர்கள் இரண்டு பேருமே ஒன்றுக்கும் உதவாத பொருளைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஆல்காவைவிட மட்டம்’ என்று எழுதியிருக்கிறார்கள். நாம் செல்லாக்காசு என்கிறோமே, அந்த மாதிரி. ஆகவே பாசி என்றதும் முகம் சுளித்தது உங்கள் பாட்டி மட்டும் இல்லை, ரோமாபுரியிலும் அதே கதைதான்.

பின்னால் வருகிற ‘என்ரிச்ட்’ வேறு வழியில் வந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வினை, ‘செல்வம் உடையதாக்கு’ என்று பொருள். நடுவில் இருக்கும் ‘ரிச்’ என்ற பகுதியைத் தோண்டிக்கொண்டே போனால், பழைய ஐரோப்பிய மொழிகளில் அது பணக்காரனைக் குறிக்கவில்லை, அதிகாரம் உள்ளவனை, அரசனைக் குறித்தது. லத்தீனில் அரசனுக்கு ‘ரெக்ஸ்’, வடமொழியில் ராஜன், எல்லாம் ஒரு வேர். நம் ‘ராசா’வும் அந்த வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவர்தானே. அப்படிப் பார்த்தால் உங்கள் கடையில் தொங்குவது, பாசியால் ராசாவாக்கப்பட்ட மீ! அட்டையில் அப்படி எழுதியிருந்தால் ஒருவேளை விற்றிருக்கும்.

மலாய்க்காரர்களின் சொல்லும் இதே பாதைதான். ‘காயா’ என்றால் செல்வம் மிகுந்த. முன்னால் ‘டி’யும் ‘பெர்’ரும் ஒட்டி ‘டிப்பெர்காயா’, செல்வமுள்ளதாக்கப்பட்டது. காலையில் ரொட்டியில் தடவுகிற, முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் கிண்டிய காயாவின் பெயரும் இதே உச்சரிப்புதான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தச் சொல் மறக்காது.

சாப்பாட்டுப் பொருளுக்கு இந்த ‘என்ரிச்ட்’ முத்திரை குத்தும் பழக்கம் ரொம்பப் பழையதில்லை. அது பரவலானது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். கோதுமையை வெள்ளை வெளேரென்று அரைக்கும்போது தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது, போனதில் சிலவற்றைத் திரும்ப மாவிலேயே போட்டார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட மாவுக்கு 1941இல் அரசு அளவுகோல் வந்தது. அதனால் அங்கே ‘என்ரிச்ட்’ மாவு என்றால் இழந்ததைத் திரும்பக் கொடுத்த மாவு. ஆதியிலிருந்தே இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால் அதற்கு வேறு சொல், ‘ஃபோர்ட்டிஃபைட்’. இதுவும் லத்தீன்தான், ‘ஃபோர்ட்டிஸ்’ என்றால் வலிமையான, கோட்டைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஃபோர்ட்’ இதன் உறவு. பல நாடுகளில் இந்த இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறார்கள். ஆனால் கறாராகப் பார்த்தால் மீ எந்தக் காலத்திலும் பாசியை இழக்கவில்லையே, அதற்கு எதைத் திருப்பிக் கொடுத்தார்கள்? ஆக அந்தப் பொட்டலத்தில் ஆங்கிலமே கொஞ்சம் நொண்டுகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். உங்கள் அட்டை ஏன் விற்கவில்லை என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

பாசி என்ற சொல்லோடு தமிழில் என்னென்ன வினை சேர்ந்து வரும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாசி பிடிக்கும், பாசி படியும், பாசி படரும், பாசி ஏறும், பாசி மண்டும், பாசி பூக்கும். எல்லாவற்றிலும் வேலை செய்வது பாசிதான்! மனிதன் கையை அங்கே காணவே காணோம். நாம் சும்மா இருக்கும்போது அது தானாக வரும், நம் வேலை அதைத் தேய்த்துக் கழுவுவது மட்டும். நான் பிறந்து வளர்ந்த லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரு பொதுக் குழாய், அதைச் சுற்றி ஒரு சிமெண்டுத் தளம். மழைக்காலத்தில் இரண்டு நாள் தேய்க்காமல் விட்டால் போதும், மூன்றாம் நாள் விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்புகிறவர்கள் அங்கே வரிசையாக வழுக்கி விழுவார்கள். என் அம்மா ஒரு தேங்காய் மட்டையைக் கையில் எடுத்தால் பாசியைத் திட்டிக்கொண்டேதான் தேய்ப்பார். அப்படி வளர்ந்த ஒரு தலைமுறையிடம் போய் ‘பாசி செறிந்த’ என்றால்? செறிந்த என்றால் அடர்ந்த, நெருங்கிய. அதுவும் தானாக நடப்பது. உங்கள் பாட்டி அதைப் ‘பிடித்த’ என்று மாற்றிப் படித்தது தப்பே இல்லை, அதுதான் நேரடிப் பொருள்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. குறுந்தொகையில் 399ஆம் பாட்டு, பரணர் பாடியது. ஊரார் தண்ணீர் எடுக்கிற கேணித் துறையில் பாசி கூடிக் கிடக்கிறது. கையால் விலக்கினால் விலகும், கையை எடுத்தால் திரும்பப் பரவி மூடிக்கொள்ளும். காதலன் தொட்டால் போய், விட்டால் திரும்பி வருகிற பசலைக்கு, அதாவது பிரிவில் மேனியில் படரும் நிற மாற்றத்துக்கு, அதைச் சொல்கிறாள் அந்தப் பெண், ‘பாசி அற்றே பசலை’. தண்ணீர்க் குடத்தோடு கேணிக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இதில் ஓர் அழகு என்னவென்றால் பாசி, பசலை இரண்டுமே ஒரே வேர். பசுமை, பச்சை, பசும்புல், பைங்கிளி, பைந்தமிழ் எல்லாம் அந்தக் குடும்பந்தான். பசுமை+இலை பாசிலை ஆவது போல முதலெழுத்து நீண்டு நிற்கும் வடிவங்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பாசி என்றால் அடிப்படையில் பச்சையானது, அவ்வளவுதான். அந்தப் பாட்டில் பாசிக்கு வருகிற வினை ‘தொக்க’. கூடிய, திரண்ட. அங்கேயும் யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை, தானாகத் தொக்கது.

இப்போதுதான் நம் பேச்சில் பாசி செயப்படுபொருள் ஆகிறது, யாரோ தொட்டியில் வளர்த்து, வடிகட்டி, உலர்த்தி, பொடியாக்கி, மாவில் போட்டுப் பிசைகிறார்கள். அப்படியானால் மனிதன் கை தெரிகிற வினை வேண்டும். நம் முன்னால் நாலைந்து இருக்கின்றன.

‘கலந்த’ வேண்டாம். தண்ணீர் கலந்த பால் ஞாபகம் வரும், கலப்படம் என்ற சொல் அதன் பின்னாலேயே நிற்கிறது. ‘பாசி போட்ட மீ’ என்றால் நம் பேச்சு வழக்குக்கு அச்சாகப் பொருந்தும், முட்டை போட்ட மீ, பால் போட்ட தே என்றுதானே கேட்டு வாங்குகிறோம், ஆனால் அட்டையில் எழுதினால் கொஞ்சம் கொச்சையாகத் தெரியலாம். ‘செறிவூட்டிய’ என்பது தமிழ்நாட்டில் இப்போது எல்லாருக்கும் தெரிந்த சொல், அங்கே ரேஷன் கடையில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12உம் ஏற்றிய அரிசியைச் ‘செறிவூட்டப்பட்ட அரிசி’ என்றே சொல்கிறார்கள். சொல் நல்ல சொல்தான். செறிவு, ஊட்டு. உண்பதன் பிறவினை ஊட்டுவது, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போல அரிசிக்குச் சத்தை ஊட்டுகிறார்கள். ஆனால் அணுகுண்டுச் செய்தியில் யுரேனியத்தைச் செறிவூட்டுகிறார்கள் என்று வருவதும் இதே சொல்தான், அதனால் பொட்டலத்தில் பார்த்தால் எனக்கு ஒரு நிமிடம் பகீர் என்கிறது. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. ‘சேர்த்த’ என்றால் என்ன செய்தார்கள் என்று சொல்கிறது. ‘செறிவூட்டிய’ என்றால் செய்ததன் பலன் இது என்று ஒரு வாக்குறுதியும் கொடுக்கிறது. மீயில் எவ்வளவு பாசி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் அந்த வாக்குறுதியைக் கடை அட்டையில் நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? செய்தவர் கொடுக்கட்டும்.

அப்புறம் வெறும் பாசி என்றும் எழுதாதீர்கள். ஸ்பைருலினாவுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு நல்ல பெயர் புழக்கத்தில் இருக்கிறது, சுருள்பாசி. நுண்ணோக்கியில் பார்த்தால் அது சுருள் கம்பி மாதிரி தெரியும், ‘ஸ்பைரா’ என்ற லத்தீன் சொல்லுக்கும் சுருள் என்றுதான் பொருள். மீயும் சுருள்தான், பொருத்தம் பாருங்கள்.

ஆகவே அட்டையைக் கழற்றிவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘சுருள்பாசி சேர்த்த மீ’. பாட்டி என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டும்.

கேள்வி: டீச்சர், நான் ஐந்தாம் படிவ மாணவன், எஸ்பிஎம் தேர்வுக்குத் தமிழ் எடுக்கிறேன். ‘பாசிச் சேர்த்த’ என்று வலி மிகுமா, மிகாதா? என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். அதோடு, இதைத் தொகையாகச் சுருக்க முடியாதா?

பதில்: மிகாது தம்பி. பாசியை, சேர்த்த என்று விரித்தால் ‘ஐ’ உருபு மறைந்து நிற்கிற இரண்டாம் வேற்றுமைத் தொகை. பின்னால் வினை வந்தால் அங்கே வல்லினம் மிகாது. தமிழ் கற்றான், கனி தின்றான் என்பது போல. உருபு வெளியே வந்துவிட்டால் கட்டாயம் மிகும், ‘பாசியைச் சேர்த்த’. உன் நண்பர்களில் ஒரு கட்சி இந்த இரண்டாவதைக் காதில் வைத்துக்கொண்டு முதலாவதை எழுதுகிறது என்று நினைக்கிறேன். ஆனால் பாசிப்பயறு, பாசிப்படலம் என்று பெயரோடு பெயர் சேரும்போது மிகும், அதையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

சுருக்கலாமா என்றால் தாராளமாகச் சுருக்கலாம். சொல்லப்போனால் தமிழுக்கு இந்த இடத்தில் ஒரு வினையே தேவையில்லை. நெய் கலந்த சோற்றை நெய்ச்சோறு என்றோம், மோர் ஊற்றிய குழம்பை மோர்க்குழம்பு என்றோம். நெய்க்கும் சோற்றுக்கும் நடுவில் உருபும் இல்லை, ‘கலந்த’வும் இல்லை, இரண்டும் சேர்ந்தே மறைந்து நிற்கின்றன. அதற்குப் பெயர் உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பெயர்தான் நீளம், சமாசாரம் எளிது. மாமாக் கடையில் ரொட்டி தெலோர் கேட்கிறாயே, மலாயிலும் முட்டை என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்ததோடு சரி, ‘சேர்க்கப்பட்ட’ என்று யாரும் நீட்டி முழக்கவில்லை. அப்படியே ‘சுருள்பாசி மீ’ என்றாலே போதும்.

வினைத்தொகை வேண்டும் என்று ஆசைப்பட்டு ‘பாசிசேர் மீ’ என்று மட்டும் எழுதிவிடாதே. பார்க்கச் செய்யுள் போல அழகாக இருக்கும். ஆனால் வினைத்தொகையை நன்னூல் ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்கிறது, அதாவது காலத்தை ஒளித்து வைத்திருப்பது. சேர்த்த, சேர்க்கிற, சேர்க்கும் மூன்றும் அதற்குள் உண்டு. பாசியை இனிமேல்தான் சேர்க்கப்போகிறோம் என்று கம்பெனிக்காரர் தப்பித்துக்கொள்ளலாம்! இன்னும் மோசம், ‘சேர்ந்த’ என்றும் விரிக்கலாம், அப்படி விரித்தால் பாசி தானாக வந்து சேர்ந்த மீ ஆகி, திரும்பவும் கடைக்காரத் தங்கச்சியின் பாட்டியிடம் போய் நிற்போம்.

நல்ல வினைத்தொகை வேண்டுமென்றால் சுருள்பாசியே இருக்கிறதே. சுருண்ட, சுருள்கிற, சுருளும் பாசி, முக்காலத்திலும் அது சுருளத்தான் செய்யும். இன்னொன்று, மேலே பரணர் பாட்டில் பாசிக்கு ‘தொக்க’ என்ற வினை வந்தது என்று சொன்னேன் அல்லவா, நீ படிக்கிற ‘தொகை’யும் அந்தத் தொகு என்ற வினையில் பிறந்ததுதான். கேணியில் பாசி தொக்கு நிற்கிறது, இலக்கணத்தில் சொற்கள் தொக்கு நிற்கின்றன. இதைத் தேர்வில் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் தெரிந்துகொள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுத்த சைவம். சைவக்காரர்களுக்குப் பி12 குறையும், பாசி சேர்த்த உணவு சாப்பிட்டால் சரியாகும் என்று மருமகன் சொல்கிறார். மாமிசத்தைவிடப் புரதம் அதிகம் என்றும் சொல்கிறார். உண்மையா, இல்லை வியாபாரப் பேச்சா?

பதில்: ஐயா, நான் மொழி படித்தவள், மருத்துவர் இல்லை. ஆனாலும் ஊர்ஜிதமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பி12 விஷயத்தில் மருமகனை நம்ப வேண்டாம். சுருள்பாசியில் பி12 மாதிரி ஒன்று நிறைய இருப்பது வாஸ்தவம், ஆனால் அதில் பெரும்பகுதி போலி பி12, நம் உடம்புக்கு அது வேலை செய்யாது. குறை இருக்கிறதா என்று கிளினிக்கில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு மருத்துவர் தரும் மாத்திரையைச் சாப்பிடுங்கள்.

புரதம் உண்மை. உலர்ந்த சுருள்பாசியின் எடையில் ஏறக்குறைய 55 முதல் 70 விழுக்காடு வரை புரதம்தான், மாமிசம் கூட எடைக்கு எடை அவ்வளவு வராது. ஆனால் கணக்குப் போடுங்கள், கிராணிக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 100 கிராம் மீயில் 2 கிராம் பாசிப்பொடி என்றே வைத்துக்கொள்வோம். அதில் புரதம் 1.2 கிராம். ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம். நீங்கள் முட்டை சாப்பிடமாட்டீர்கள், ஒரு கிண்ணம் பருப்பு சாப்பிடுவீர்கள் அல்லவா, அதிலேயே இதைப்போலப் பல மடங்கு கிடைத்துவிடும்.

பொட்டலத்தைத் திருப்பி, பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில், குறைவானது கடைசியில் என்று வரிசையாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். கோதுமை மாவு, தண்ணீர், உப்பு எல்லாம் வந்து உப்புக்கும் பின்னால் பாசி வந்தால், அது ஊட்டியது செறிவையா நிறத்தையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். முன்பக்கத்து எழுத்து பெரிசு, பின்பக்கத்து எழுத்து பொடிசு, எனக்கு இரண்டு கண்ணாடி தேவைப்படுகிறது.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? நீங்கள் பல வருடமாகப் பாசி சேர்த்த உணவைத்தான் சாப்பிட்டு வருகிறீர்கள், பெருமையாக எழுதாததால் தெரியவில்லை. தீபாவளிக்கு வீட்டில் தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் போட்டுச் செய்கிற அகார்-அகார் கடற்பாசியிலிருந்து எடுத்ததுதான். ஐஸ்கிரீம் டப்பாவில் பொடி எழுத்தில் 407 என்ற எண்ணைப் பார்த்தால் அது கராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருள், சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது, நம் சபாவில் செம்பொர்ணா பக்கம் கடலில் கயிறு கட்டி அந்தப் பாசியைப் பயிரிடுகிறார்கள். பேரப்பிள்ளையின் பால்மாவு டின்னில் டிஎச்ஏ என்று ஒரு கொழுப்பின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும் பல டின்களில் நுண்பாசி எண்ணெய்தான். மீனுக்கே அந்தக் கொழுப்பு பாசியிலிருந்துதான் வருகிறது, நாம் மீனைத் தாண்டி நேராக மூலத்துக்குப் போய்விட்டோம். உப்புப் பொட்டலத்தில் ‘அயோடின் சேர்த்த’ என்று இருக்கிறதே, அந்த அயோடினையே 1811இல் பிரான்சில் கூர்ட்வா என்பவர் கடற்பாசிச் சாம்பலில் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் கண்டுபிடித்தார். ஊதா நிறத்தில் ஆவி கிளம்பியதாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துச் செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளம் பச்சைப் பசேலென்று இருக்கிறது. அந்தப் பாசியை எடுத்துக் காயவைத்து விற்றால் என்ன?

பதில்: ஐயோ, வேண்டாம். பச்சையெல்லாம் சுருள்பாசி ஆகாது. நீலப்பச்சைப் பாசிகளில் சில ஈரலைக் கெடுக்கும் நஞ்சை வெளிவிடும். விற்பனைக்கு வருகிற சுருள்பாசியை மற்ற பாசி எளிதில் வளர முடியாத காரத்தன்மை மிகுந்த தண்ணீரில், கண்காணித்து வளர்க்கிறார்கள். ஆலைக் கழிவுநீரில் நுண்பாசி வளர்ப்பதைப் பற்றி நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது, அது ஆய்வுக்கூட வேலை, வாளியும் வலையும் எடுத்துக்கொண்டு நாம் இறங்குகிற வேலை இல்லை.

கேள்வி: பாசியைத் தின்பது சீனர்களும் ஜப்பானியர்களும் தொடங்கிய நவீன நாகரிகமா? நம் ஆட்கள் முன்னால் தின்றதே இல்லையே?

பதில்: சுருள்பாசியைப் பொறுத்தவரை இது பழைய கதை, ஆனால் கதை நடந்த இடம் வேறு. மெக்சிக்கோவில் ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் போய் இறங்கியபோது, அங்கே ஆஸ்டெக் மக்கள் டெஸ்கோக்கோ ஏரியிலிருந்து ஒரு பச்சைப் பொருளை வலையால் அள்ளிக் காயவைத்து, அடை அடையாகச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு அது பாலாடைக்கட்டி மாதிரி தெரிந்திருக்கிறது. அதற்கு ஆஸ்டெக் மக்கள் வைத்திருந்த பெயர் டெக்குவிட்லாட்ல், ‘கல்லின் கழிவு’ என்று பொருள் சொல்கிறார்கள்! அந்தப் பெயரை வைத்துக்கொண்டே விற்றிருக்கிறார்கள் என்றால், நம் கடைக்காரத் தங்கச்சி ‘பாசி செறிந்த’ என்று எழுதியது ஒன்றுமே இல்லை.

ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பக்கம் கனெம்பு இனப் பெண்கள் இன்றைக்கும் அதைச் சேகரித்து, மணலில் ஊற்றி வெயிலில் காயவைத்து, ‘டிஹே’ என்ற பெயரில் குழம்பில் போட்டுக் கம்புக் களியோடு சாப்பிடுகிறார்கள். பாசி சேர்த்த குழம்பு, பொட்டலமும் இல்லை பெயரடையும் இல்லை. இன்னொரு சங்கதி, உயிரியல்காரர்களைக் கேட்டால் சுருள்பாசி பாசியே இல்லை, ஒளிச்சேர்க்கை செய்கிற பாக்டீரியா என்பார்கள். நீலப்பச்சைப் பாசி என்ற பழைய பெயர் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ‘பாக்டீரியா சேர்த்த மீ’ என்று தயவுசெய்து யாரும் அட்டை எழுதி மாட்டிவிடாதீர்கள்.

நம் ஆட்கள் என்றால், ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுப்பது அங்கே பிழைப்பு. பெரும்பாலும் அது அகார் செய்யப் போகிறது, வீட்டு உலைக்குப் போவதில்லை.

கேள்வி: லுமுட் ஊர்ப்பெயருக்கும் பாசிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

பதில்: உண்டு. மலாயில் லுமுட் என்றாலே பாசிதான். நம் ஊர் சிப்புட், நத்தை. பேராக்கில் பாசியும் நத்தையும் ஒரே மாநிலத்தில் இருப்பது நியாயந்தானே, நத்தைக்கு அதுதானே சாப்பாடு.

கேள்வி: டீச்சர், மளிகைக் கடைக்காரரின் பாட்டி நான்தான். பேத்தி கடிதம் எழுதுவதைப் பார்த்துவிட்டு இதை எழுதச் சொல்கிறேன். பாசிப்பயறு என்று நாங்கள் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லையே, அது மட்டும் எப்படி?

பதில்: அம்மா, பேத்தியின் கடிதத்தோடு ஒரே உறையில் வந்த இந்தத் துண்டுக் காகிதத்தைக் கடைசியில் வைத்தேன், கோபிக்காதீர்கள். பாசிப்பயற்றில் பாசி என்பது பச்சை நிறம், பச்சைப்பயறு என்றும் அதையே சொல்கிறோம். அங்கே எதுவும் பிடிக்கவும் இல்லை, யாரும் சேர்க்கவும் இல்லை, பயறே அந்த நிறத்தில் விளைந்தது. ஆக உங்களுக்குப் பாசி என்ற சொல்லோடு சண்டை இல்லை, ‘செறிந்த’வோடுதான். புது அட்டையைப் பேத்தி மாட்டியதும் ஒரு கட்டு மீயைக் கொதிக்கவைத்துப் பாருங்கள். தண்ணீர் லேசாகப் பச்சை விட்டால் பயப்பட வேண்டாம். வெங்காயமும் காய்ந்த மிளகாயும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுப் பிரட்டினால் பாசி வாடை அடங்கிவிடும் என்று என் வீட்டு அடுப்பு சொல்கிறது.